ஓரத்துக்கு மூன்று அங்குலம்

கட்டம் எண்ணுவதில் நான் கெட்டிக்காரி.
குறுக்கே நூற்று அறுபத்தெட்டு,
நெடுக்கே இருநூற்று இருபத்து நான்கு.
அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம் விழுகிற துணி.
வகுத்தால் பன்னிரண்டுக்குப் பதினாறு.
பீச் ஸ்திரீட் ஆபீசில்
நூற்றுப்பத்துப் பேருக்குச் சம்பளம் போடுகிறவள்,
இதற்குக் கால்குலேட்டர் எதற்கு?

ஓரத்துக்கு எவ்வளவு விடட்டும் என்றாள்
துணிக்கடைப் பெண், கத்தரியைத் திறந்து வைத்துக்கொண்டு.
ஓர் அங்குலம் போதும்.
மிச்சம் பிடித்தது நாலு வெள்ளி எண்பது காசு.

எப்போதும் அப்படித்தான் நான்.
படகுத்துறைக் கம்பிக்கதவு இழுபடும்போது
செருப்பு அறுந்துவிடும் வேகத்தில் நுழைகிறவள்.
ஆளை எண்ணி அரிசி போட்டுவிட்டு
அழைப்புமணி அடித்தால் விழிக்கிறவள்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று
பழமொழி வேறு கைவசம்.

இருவாச்சிப் பறவை, பதினோரு மாத வேலை.
பாதிக்குமேல் பெர்ரியில்தான் தைத்தேன்,
ஆறங்குல வளையத்தில் துணியை மாட்டி.
வளையம் இறுக்கிய இடமெல்லாம்
வானத்தில் வட்டம் வட்டமாய்த் தழும்பு;
ஒன்று நேராகக் கண்ணின் மேலே.
இதற்கு உருளைச் சட்டம் வேண்டுமாம்,
துணியின் அகலத்தைவிட இரண்டு விரல் நீளமாய்,
மேலும் கீழும் சுருட்டிக்கொள்ளலாம்.
சரிதான்.
அதை மடியில் விரித்து உட்கார்ந்தால்
பக்கத்து இருக்கைக்கும் நான்தான் டிக்கெட் எடுக்கணும்.

மெயின் சுவிட்ச் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே
இரண்டு சாண் நாலு விரல் என்றான் தேவனேசன்.
யார் சாண்?
ஏர்கான் மாட்டுகிறவனின் கை அது,
என்னுடையதைவிட ஒரு விரல் கூட.
அன்றைக்கே, மலிவு விற்பனையில்,
பன்னிரண்டுக்குப் பதினாறு சட்டம் ஒன்றை
வாங்கி அலமாரி மேல் வைத்திருந்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

கிம்பர்லி ஸ்திரீட்டில் பூன் கியாட்
என் சட்டத்தைத் தையல் மேல் கவிழ்த்தான்.
கால் அங்குலம் சட்டத்தின் உதடே தின்றுவிட்டது:
அலகு நுனி இல்லை, வால் இல்லை,
கிளையைப் பிடித்த விரலில் ஒன்று குறைவு.
துணி எங்கே என்றான் மலாயில்.
இதுதான் துணி.
இது படம். துணி எங்கே?

பலகைக்குப் பின்னால் மடித்து
நூலால் இழுத்துக் கட்டணுமாம்.
நாலு பக்கமும் மூன்று அங்குலம்,
அதற்குக் குறைந்து அவன் வாங்கியதே இல்லையாம்.
போய் ஒட்டுத்துணி தைத்துக் கொண்டுவா,
யார் பின்னால் வந்து பார்க்கப் போகிறார்கள்?

வீட்டில் வலுவான துணி என்று இருந்தது
தேவனேசனின் பழைய சீருடை மட்டும்.
கிழித்து நாலு பட்டையாக வைத்துத் தைத்தேன்.
இருவாச்சியின் முதுகுப் பக்கம் இப்போது
ஏர்கான் கம்பெனி பெயர் தலைகீழாய்,
தொலைபேசி எண்ணில் கடைசி மூன்று இலக்கம்.

தையலைச் சுற்றி அரை அங்குலம் வெறுந்துணி.
அதைச் சுற்றி இரண்டு அங்குலம் அட்டை, பழுப்பு வெள்ளை.
வெள்ளை வேண்டாம், பறவை சோகை பிடித்த மாதிரி தெரியும் என்றான்.
கூட்டிப் பார்த்தேன்: பதினேழுக்கு இருபத்தொன்று.
நூற்று முப்பத்தைந்து வெள்ளி.
நாலு எண்பதை அதில் கழித்துக்கொள்ள
எந்தப் பத்தியும் இல்லை.

மலிவுச் சட்டத்தை அவனே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.
வேண்டாம் என்று கையில் திணித்தான்.

ஆறு மணி பெர்ரி.
பட்டர்வொர்த் போகிற கூட்டம் முழுக்க நடைமேடையில்.
பழைய நாளிதழில் சுற்றியிருந்தும்
ஒரு மூலை கிழித்துக்கொண்டு நீட்டியது.
கண்ணாடி கண்ணாடி என்று யாரோ குரல் கொடுக்க
பள்ளிப்பையைச் சுருக்கினான் ஒரு பையன்,
மீன் பொட்டலம் வைத்திருந்த பெண் பின்வாங்கினாள்,
தள்ளிக்கோ தள்ளிக்கோ என்றார்கள்.

பதினெட்டு வருடமாய்ப் போய்வருகிறேன்.
முழங்கை, குடைக்கம்பி, யாரோ ஒருவரின் வியர்வை.
இன்றைக்குத்தான்
என்னைச் சுற்றி
நாலு பக்கமும் காலி.
கம்பிக்கதவு சாத்தினார்கள்.
அதற்கு வெகுநேரம் முன்பே
நான் உள்ளே இருந்தேன்.